லைன் வீட்டுக்காரன் சொல்றேன், கேட்டுக்க கண்ணு

வா கண்ணு, உக்காரு. சரவணம்பட்டியில ரூம் எடுத்து சர்வர் நடத்தறயாமா? திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோட்டு மஞ்ச மண்டி, பொள்ளாச்சி எண்ணெய்ச் செக்கு, பீளமேட்டு பம்பு பட்டறைன்னு அல்லாத்தோட வெப்சைட்டையும் ஒரே மெசினுக்குள்ள குடி வெச்சுட்டேன்னு உன்ற அம்மா ஊரெல்லாம் பழமை பேசிட்டிருக்கறா. ரொம்ப சந்தோசம். மெசினுக்கு மாசம் ஆயிரத்துச் சொச்சம் வாடகை. குடி வந்தவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் வருசத்துக்கு அஞ்சாயிரம். பெருக்கல் கணக்குல நம்மூர்க்காரன் என்னைக்குக் கண்ணு சோடை போயிருக்கறான்? கழித்தல் வரும்போதுதான் கொஞ்சம் மறதி.

நானும் லைன் வீடு கட்டி வாடகைக்கு உட்டவன். ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டு, உள்ளுக்குள்ள 12 குடித்தனம். உன்ற சர்வரும் அந்தக் காம்பவுண்டுதான். என்ன, எனக்கு வாடகை தேதிக்கு வராது. உனக்கு வாடகையும் வந்துரும், திருடனும் வந்துருவான். அதனால எனக்குத் தெரிஞ்ச நாலு நாயத்தச் சொல்றேன். நீ இஞ்சினீரிங் படிச்சவன், வேண்டாம்னா கேட்டுட்டு மறந்துரு.

மொதல்ல கேட்டு. ஒரே ஐபி நம்பர்ல இத்தன வெப்சைட்டு எப்படிக் குடியிருக்குதுன்னு கேட்டா, "அதெல்லாம் பேனல் பாத்துக்குங்க அப்புச்சி"ங்கற. சரி, பாத்துக்கும். ஆனா அந்தக் காலத்துல ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனி நம்பர் வேண்டியிருந்துச்சு சாமி. பிரவுசர் வந்து கேட்டத் தட்டும், ஆரைப் பாக்க வந்தேன்னு சொல்லாது. 1997-ல எச்டிடிபி 1.1 வந்தப்பத்தான், தேடி வந்த பேரைச் சொல்லியே ஆகோணும்னு விதி போட்டாங்க. ஐபிவி4-ல உலகத்துக்கே மொத்தம் 429 கோடி சொச்சம் நம்பர்தான். மேலிடத்துக் கையிருப்புல கடைசியா இருந்ததையும் 2011 பிப்ரவரியில பிரிச்சுக் குடுத்து முடிச்சுட்டாங்க. அந்த ஒரு விதி இல்லீன்னா 12 குடித்தனத்துக்கும் 12 நம்பர் வாங்கியே உன்ற லாபம் தீந்திருக்கும்.

பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ்ல இன்னொரு இடக்கு. வந்தவன் பேரைச் சொல்றதுக்கு முன்னயே நாம சான்றிதழ நீட்டியாகோணும். ஆரோட சான்றிதழ? அதுக்குத்தான் சான்றிதழ நீட்டறதுக்கு முன்னயே பேரைச் சொல்ற எஸ்என்ஐ-ன்னு ஒரு வழிய 2003-ல எழுதி வெச்சாங்க. விண்டோஸ் எக்ஸ்பியில ஓடுன இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசி வரைக்கும் புரியவேயில்ல. உனக்கு இன்னைக்கே புரிஞ்சுருச்சு பாரு, கெட்டிக்காரன்.

இப்ப ஒரு கேள்வி. கேட்டுக்கு வந்தவன் உள்ள இல்லாத ஒரு பேரைச் சொல்றான், இல்லீன்னா பேரே சொல்லாம வெறும் நம்பரை மட்டும் தட்டறான். எங்க போவான்? "எர்ரர் வருமுங்க"ங்கற. வராது. நீ எதையும் சொல்லி வெக்கலீன்னா என்ஜின்எக்ஸ் அவனைக் கோப்புல மொதல்ல இருக்கற வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுரும். கோப்பையெல்லாம் எழுத்து வரிசையில படிக்கறதுனால பாவம், எப்பவுமே ஒரே குடித்தனத்துக்குத்தான் ஒறம்பரை. ஆரோ ஒரு ஆகாவளி அவன் வாங்குன பேரை உன்ற நம்பருக்குத் திருப்பி உட்டா, அந்தப் பேர்ல உன்ற எண்ணெய்ச் செக்கு கடை விரிக்கும். அதுக்குத்தான் ஆருக்கும் சொந்தமில்லாத ஒரு வாசலை டீஃபால்ட்டா வெச்சு, 444-ன்னு ஒரே வரி எழுதிப் போடு. பதிலே சொல்லாம கதவச் சாத்திரும். நம்ம பக்கத்து மரியாதைக்கு அது ஒத்து வராது, ஆனா சர்வருக்கு ஒத்து வரும்.

ரெண்டாவது, பேரு. இங்கதான் உன்ற குட்டு எனக்குத் தெரியும். பம்பு பட்டறைக்காரருக்கு வாங்குன டொமைனை ஆரு பேர்ல பதிஞ்சிருக்கற? சொல்லு, சொல்லு. உன்ற பேரு, உன்ற மெயிலு, உன்ற செல் நம்பரு. "அவருக்கு ஓடிபி பாக்கத் தெரியாதுங்க"ங்கற. தெரியாததுனாலதான் கண்ணு அவரு பம்பு செய்யறாரு. நாளைக்கு நீ துபாய்க்கோ கனடாவுக்கோ போயிட்டா, முப்பது வருசப் பட்டறையோட பேரு உன்னோட விமானம் ஏறிரும். வீடு உன்னுதா இருக்கலாம். வாசல்ல எழுதற பேரு குடியிருக்கறவனுது.

புதுப்பிக்கற தேதியும் அப்படித்தான். "சின்னக் கம்பெனிக்காரன்தான் மறப்பான்"ங்காத. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்துருச்சு. 35 டாலர். ஹாட்மெயிலுக்குள்ள போறவங்க அந்த வழியாத்தான் போகோணும். எத்தனையோ பேரு வெளியில நின்னாங்க. கடைசியில லினக்ஸ்காரர் ஒருத்தரு தன்ற கார்டுல அந்த 35 டாலரைக் கட்டி வழிய உட்டாரு. உன்ற பனியன் கம்பெனிக்கு அப்படி ஒரு புண்ணியவான் வருவான்னு நெனைக்காத. டாட் காம் பேரு காலாவதியானா, ரெஜிஸ்ட்ரார் வெச்சுப் பாக்கற காலம் போக, அபராதத்தோட மீட்க 30 நாள், அப்புறம் 5 நாள்ல அழிஞ்சு சந்தைக்கு வந்துரும். வாங்கறதுக்குன்னே காத்துட்டு இருக்கறான்.

பேரு எவ்வளவு பெரிய சொத்துன்னு ரிசர்வ் பேங்கைக் கேளு. பேங்கு பேராட்டம் போலிப் பேரு வாங்கிச் சனத்தை ஏமாத்தறாங்கன்னுதான், அல்லா பேங்கும் 2025 அக்டோபர் 31-க்குள்ள டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாறோணும்னு உத்தரவு போட்டுச்சு. அந்தப் பேரைப் பதிஞ்சு குடுக்க ஐதராபாத்து ஐடிஆர்பிடி ஒண்ணுக்குத்தான் அதிகாரம். பேங்குக்கே அத்தன பந்தோபஸ்து. நீ என்னடான்னா 12 பேரோட ரெஜிஸ்ட்ரார் கணக்கையும் ஒரே பாஸ்வேர்டுல வெச்சிருக்கற. அதுலயும் அந்தப் பாஸ்வேர்டு உன்ற வண்டி நம்பரு.

டிஎன்எஸ் மாத்தும்போது ஒண்ணு மட்டும் கேளு. மெசினை மாத்தறதுக்கு ஒரு நாள் முன்னயே டிடிஎல்லை 86400-ல இருந்து 300-க்குக் கொறைச்சு வெய்யி. இல்லீன்னா பாதிச் சனம் ஒரு நாள் முச்சூடும் பழைய வீட்டுக் கதவத்தான் தட்டிட்டு நிக்கும். அதை உட எச்சா முக்கியம் எம்எக்ஸ் பதிவு. நேம்சர்வரை மாத்தற அவசரத்துல மெயிலுக்கு உண்டான வரிய எடுத்துட்டுப் போக மறந்துராத. கம்பெனிக்காரனுக்கு வெப்சைட்டு போனா நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். மெயிலு போனா நாலே நிமிசத்துல வண்டி எடுத்துட்டு வந்துருவான்.

மூணாவது, சுவரு. காம்பவுண்டுக்குள்ள ஒருத்தன் வீட்டுத் தொறப்புக்குச்சி இன்னொருத்தன் வீட்டுக்குச் சேரலாமா? நீ சேர உட்டிருக்கற. 12 வெப்சைட்டும் ஒரே யூசர் பேர்ல ஓடுது; ஏதோ ஒரு கோப்பு எழுத மாட்டேன்னுச்சுன்னு 777 போட்டு அல்லாத்தையும் திறந்து உட்டாச்சு. மண்டிக்காரரு காசு மிச்சம்னு திருட்டுத் தீம் ஒண்ணை ஏத்துனா, அதுக்குள்ள வந்தவன் பனியன் கம்பெனி டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் படிச்சுட்டுப் போவான். வெப்சைட்டுக்கு ஒரு யூசர், ஒரு பிஎச்பி பூல், ஒரு டேட்டாபேஸ், தனித்தனியா வெய்யி. எஸ்எஸ்எச்சுக்குப் பாஸ்வேர்டை எடுத்துட்டு சாவிக் கோப்பை மட்டும் உடு. 22, 80, 443 தவுத்து மத்த கதவையெல்லாம் சாத்து. 2021-ல கோடாடி கம்பெனியில ஒரே ஒரு பாஸ்வேர்டு வெளிய போயி, 12 லட்சம் வேர்ட்பிரஸ் வாடிக்கையாளருங்க விவரம் அம்பலத்துக்கு வந்துச்சு. உன்ற வண்டி நம்பரை மறுபடியும் ஞாபகப்படுத்தறேன்.

சான்றிதழ் சும்மாவே கிடைக்குதுன்னு லெட்ஸ் என்கிரிப்டுல வாங்கிட்ட. நல்லது. ஆயுசு 90 நாள். முடியப் போகுதுன்னு அவங்க மெயில் போட்டுட்டு இருந்தாங்க. 2025 சூன்ல அதையும் நிறுத்திட்டாங்க. காசு குடுத்து வாங்கறதுக்கும் 2029 மார்ச்சுல இருந்து 47 நாள்தான் ஆயுசுன்னு தீர்மானம் பண்ணியாச்சு. தேதிய டைரியில எழுதி வெக்கறதெல்லாம் இனி வேலைக்காவாது. தானாப் புதுப்பிக்க உடு. ஒரு வாட்டி ஒத்திகை ஓட்டியும் பாரு. புதுப்பிச்சதுக்கப்புறம் என்ஜின்எக்ஸை ரீலோடு பண்ணச் சொல்லு. சொல்லலீன்னா புதுசு டிஸ்குல தூங்கும், பழசே வந்தவன் முன்னால நிக்கும்.

ஆரு வந்தான், போனான்னு எழுதி வெக்கற லாக்குன்னு ஒண்ணு இருக்குதே, ஞாபகமிருக்குதா? உபுண்டுவுல போட்டது போட்டபடி கெடந்தா என்ஜின்எக்ஸ் லாக்கு 14 நாளுக்கு மேல நிக்காது. மத்திய அரசோட செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவோ 180 நாள் வெச்சிருக்கோணும், அத்துமீறல் நடந்தா 6 மணி நேரத்துல தெரியப்படுத்தோணுங்குது. நீ 6 மணி நேரத்துல எந்திரிச்சுப் பல்லு விளக்குனாலே பெருசு.

கடைசியா பேக்கப்பு. எங்க வெச்சிருக்கற? "அதே சர்வர்லதானுங்க, தனி ஃபோல்டர்ல." அட கெரகமே! 2021 மார்ச் 10-ல பிரான்சுல ஸ்ட்ராஸ்பூர்க்கு ஊர்ல ஓவிஎச் கம்பெனியோட அஞ்சு மாடி டேட்டா சென்டரு எரிஞ்சு போச்சு. பேக்கப்பையும் அதே வளாகத்துல வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் ஒட்டுக்காப் போச்சு. ஒரு பிரதிய வேற ஊர்ல, வேற கம்பெனியில வெய்யி. மாசத்துக்கு ஒருக்கா அதை எடுத்துத் திரும்ப ஏத்திப் பாரு. ஏத்திப் பாக்காத பேக்கப்ப நம்பி வாடகை வாங்காத.

கோயமுத்தூருப் பக்கம் வெப்சைட்டு வெச்சிருக்கற முதலாளிமாருங்களுக்கும் ஒரு பேச்சு: இன்னைக்கே உங்க பையனைக் கூப்புட்டு, டொமைன் ஆரு பேர்ல இருக்குது, எந்தத் தேதிக்கு முடியுது, பேக்கப்பு எந்த ஊர்ல இருக்குதுன்னு மூணு கேள்வி கேளுங்க. உனக்கு ஒண்ணே ஒண்ணு கண்ணு: இந்த மூணுக்கும் முழிக்காம பதில் சொல்ற வரைக்கும் 13-வது குடித்தனத்துக்கு அட்வான்ஸ் வாங்காத.