கோட்டுப் பையில் கற்கள்

முதல் குறும்படத்தைத் திரையிடப் போகும் இயக்குநர் பையில் என்னென்ன வைத்திருப்பார்? ஒரு பென் டிரைவ், நாலு விசிட்டிங் கார்டு, தயாரிப்பாளர் யாராவது சிக்கினால் நீட்டுவதற்கு ஒரு பக்கக் கதைச் சுருக்கம். 1929 ஜூன் 6 அன்று பாரிஸில் ‘ஸ்டூடியோ தெஸ் உர்சுலின்’ என்ற சின்னத் தியேட்டருக்குப் போன லூயி புனுவல், கோட்டுப் பையில் கற்களை வைத்திருந்தார். ஜனங்கள் கத்தி ரகளை செய்தால் அவர்கள் மேல் எறிவதற்கு.

ஆசாமி பிற்பாடு கான் விழாவில் தங்கப் பனை வாங்கினார். அவர் படத்துக்கு ஆஸ்கரும் வந்தது. அதெல்லாம் மரியாதையான கதை, யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நமக்குக் கற்கள்தான் முக்கியம்.

பூர்வீகம் ஸ்பெயினில் அரகோன் பக்கம் கலந்தா என்ற ஊர். அப்பா கியூபாவில் இரும்புச் சாமான் கடை வைத்து நன்றாகச் சம்பாதித்துத் திரும்பியவர். பையனை மாட்ரிட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். விவசாயப் படிப்பு என்று போனவர், நடுவில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கத் தாவி, கடைசியில் தத்துவப் பட்டத்தோடு வெளியே வந்தார். அதாவது எந்த வேலைக்கும் லாயக்கில்லை. விடுதியில் கூட இருந்தவர்கள் கவிஞர் லோர்கா, ஓவியர் சால்வடார் டாலி. சேர்க்கை சரியில்லை என்று நம்மூர் அத்தைகள் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1925இல் பாரிஸ் போனார். ஃபிரிட்ஸ் லாங்கின் படத்தைப் பார்த்துவிட்டு சினிமாதான் வாழ்க்கை என்று முடிவு கட்டி, ழான் எப்ஸ்டீன் என்ற இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். எல்லா உதவி இயக்குநர்களும் ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியேறுவார்கள், இவரும் போட்டார். “ஆபெல் கான்ஸுக்கு நடிகர் தேர்வு நடக்கிறது, இருந்து உதவி செய்” என்று எப்ஸ்டீன் சொல்ல, “நான் உங்களுக்குத்தான் உதவியாளர், அவருக்கு இல்லை. அவர் படமும் எனக்குப் பிடிக்காது” என்கிற தொனியில் பதில் சொல்லியிருக்கிறார். கான்ஸ் அப்போது பிரெஞ்சு சினிமாவின் பெரிய தலை. புனுவல் அன்றே தெருவுக்கு வந்தார். போகும்போது எப்ஸ்டீன், கனவே கலை என்று திரிந்த சர்ரியலிஸ்ட்களைச் சுட்டி, ‘அந்தக் கும்பலோடு சேராதே’ என்று ஒரு புத்திமதியும் இலவசமாகக் கொடுத்தார். அது எந்தக் காதில் நுழைந்து எந்தக் காதில் வெளியேறியது என்பது உங்களுக்கே தெரியும்.

வேலை இல்லை. படம் எடுக்க வேண்டும். பணத்துக்கு யார்? அம்மாதான். பையன் சினிமாவுக்குப் போகிறான் என்று கேட்டபோதே, சர்க்கஸில் கோமாளியாகச் சேரப் போகிறான் என்று கேட்டதுபோல அந்த அம்மா அழுதாராம். குடும்பத்துக்கு வேண்டிய நோட்டரி ஒருவர், சினிமாவிலும் காசு பார்க்கலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உலக சினிமா அந்த நோட்டரிக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கடைசியில் அம்மா கொடுத்த தொகை 25,000 பெசேத்தா என்று சொல்வார்கள்.

பாரிஸ் திரும்பியதும் பிள்ளை செய்த முதல் காரியம், அதில் பாதியை இரவு விடுதிகளில் கரைத்தது. இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. சுயசரிதையில் அவரே கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். பிறகு திடீரென்று பொறுப்பு வந்து, அம்மாவை ஏமாற்றக் கூடாது என்று மிச்சப் பணத்தில் படத்தை எடுத்தாராம். பாதி பட்ஜெட் குடியில் போவது நூறு வருஷமாக இருக்கிற வழக்கம்தான் போலிருக்கிறது.

கதை எப்படிப் பிறந்தது? டாலியின் ஊரான ஃபிகேராஸுக்குப் போனபோது புனுவல் தான் கண்ட கனவைச் சொன்னார்: நீளமான மேகத் துண்டு ஒன்று நிலாவை அறுத்துப் போகிறது, சவரக்கத்தி கண்ணை அறுப்பது மாதிரி. டாலி தன் கனவைச் சொன்னார்: உள்ளங்கை முழுக்க எறும்பு. வேறு இரண்டு பேராக இருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர்கள் திரைக்கதை எழுத உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு விதி: எதற்கும் காரணம் சொல்ல முடியக் கூடாது. ஒருவர் ஒரு காட்சியைச் சொன்னதும் அதற்கு ஏதாவது அர்த்தம் தட்டுப்பட்டால் உடனே வெட்டு. ‘லாஜிக் இடிக்கிறதே சார்’ என்று கேட்டுக் கேட்டே கதையைக் கொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே லாஜிக் இருந்தால்தான் கதை குப்பைக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் ஸ்க்ரிப்ட் முடிந்தது. தலைப்பு ‘ஓர் அந்தலூசிய நாய்’. படத்தில் நாயும் கிடையாது, அந்தலூசியாவும் கிடையாது. அந்தலூசியாக்காரரான லோர்கா மட்டும் அந்த நாய் தான்தான் என்று நினைத்துக் கடுப்பானார். அதில் நியாயம் உண்டா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பாரிஸ் அருகே பிலான்கூர் ஸ்டூடியோவில் இரண்டு வாரம் போல ஷூட்டிங். நாயகன் பியேர் பட்செஃப் அப்போது பேர் தெரிந்த நடிகர். என்ன படம், என்ன கதை என்று அவருக்கே தெரியாது. “ஜன்னல் வழியாகப் பார், வாக்னர் இசையைக் கேட்கிற மாதிரி முகத்தை வை” என்பார் புனுவல். எதைப் பார்க்கிறோம் என்று நடிகர் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் கிடையாது.

படத்தின் முதல் ஒரு நிமிஷத்துக்காகத்தான் இன்றும் உலகம் இதைப் பேசுகிறது. பால்கனியில் ஒருவர் சவரக்கத்தியைத் தீட்டுகிறார், வாயில் சிகரெட். அது புனுவலேதான், தனியாக ஒரு நடிகருக்குச் சம்பளம் மிச்சம். நிலாவைப் பார்க்கிறார். உட்கார்ந்திருக்கிற பெண்ணின் இமையை விரலால் விரிக்கிறார். மேகம் நிலாவைக் கடக்கிறது. கத்தி கண்ணைக் கடக்கிறது. உள்ளே இருப்பது வழிகிறது. பதறாதீர்கள், அந்தக் கண் செத்த கன்றுக்குட்டியுடையது. சுற்றியுள்ள முடியைச் சிரைத்து, தோலுக்கு மேக்கப் போட்டு, பளீரென்று விளக்கடித்து எடுத்தார்கள். கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் கசாப்புக் கடைதான் கிராஃபிக்ஸ்.

இன்னொரு காட்சியில் நாயகன் இரண்டு பெரிய பியானோக்களைக் கயிறு கட்டி இழுக்கிறான். பியானோக்கள் மேல் செத்த கழுதைகள், கூடவே இரண்டு பாதிரியார்கள். ஷூட்டிங் முடியப் போகும் நேரத்துக்குத்தான் டாலி வந்து சேர்ந்தார். வந்தவர் கழுதைகளின் கண்குழியில் பிசின் ஊற்றி, அழுகிய தோற்றம் இன்னும் தத்ரூபமாக வருவதற்குப் பாடுபட்டார். இழுபடுகிற பாதிரியார்களில் ஒருவராகவும் நடித்தார். அதற்குப் பிறகு அம்பது வருஷத்துக்கு இந்தப் படம் யாருடையது என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். டைட்டில் கார்டுக்காக நண்பர்கள் பிரிவது ஏதோ வடபழனியில்தான் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

படம் தயார். சுமார் பதினாறு நிமிஷம். யாரிடம் போட்டுக் காட்டுவது? இங்கேதான் புனுவல் கெட்டிக்காரர். புகைப்படக் கலைஞர் மேன் ரே, பிரபுவான நோவாய் விகோந்தின் மாளிகையை வைத்து எடுத்த ஒரு படத்தைத் திரையிடக் காத்திருந்தார். கூட ஓட்ட இன்னொரு சின்னப் படம் தேவைப்பட்டது. மேன் ரேயும் கவிஞர் லூயி அரகோனும் புனுவலின் படத்தைப் பார்த்தார்கள். அதோடு வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து வாயும் காதும் பார்த்துக்கொண்டன. போஸ்டர் செலவு பூஜ்யம்.

ஜூன் 6. பிக்காஸோ வந்தார், லெ கோர்பூசியே வந்தார், ழான் கோக்தோ வந்தார், பிரபுக்களும் சீமாட்டிகளும் வந்தார்கள், சர்ரியலிஸ்ட் கோஷ்டி மொத்தமும் வந்தது. கடைசியாகச் சொன்னவர்கள்தான் ஆபத்து. கொஞ்ச நாள் முன்னால் ஜெர்மேன் துலாக் என்ற பெண் இயக்குநரின் படத்தில் இவர்கள் ஊளையிட்டு ரகளை செய்ததைப் புனுவல் மறக்கவில்லை. அதனால்தான் கல்.

மௌனப் படம் என்பதால் திரைக்குப் பின்னால் கிராமபோனோடு அவரே நின்றார். அர்ஜென்டினா டாங்கோ ஒரு தட்டு, வாக்னர் ஒரு தட்டு, மாற்றி மாற்றி. கண் அறுபடுகிறது, டாங்கோ ஓடுகிறது. அந்தப் பக்கம் இருட்டில் யார் என்ன முகம் காட்டுகிறார்கள் என்று தெரியாது. ஒரு கை இசைத்தட்டில், கோட்டில் கனம். படம் முடிந்தது. சத்தம் கேட்டது. கைதட்டல். நிற்காத கைதட்டல். கற்களை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், திரைக்குப் பின்னாலேயே தரையில் போட்டாராம்.

என்னைக் கேட்டால் அந்த இடத்தில் அவர் கொஞ்சம் ஏமாந்துதான் போயிருப்பார். பணக்காரர்களை வாந்தியெடுக்க வைக்க எடுத்த படத்துக்குப் பணக்காரர்களே எழுந்து தட்டினால் எங்கே போய் முட்டிக்கொள்வது? பிறகு ஸ்க்ரிப்ட்டைப் பத்திரிகையில் வெளியிட்டபோது, கொலை செய்யச் சொல்லும் அழைப்பை இந்த முட்டாள் கூட்டம் கவிதை என்று ரசிக்கிறதே என்று எரிந்து விழுந்தார். கூட்டம் அதையும் ரசித்தது. ‘ஸ்டூடியோ 28’ தியேட்டரில் படம் எட்டு மாதம் ஓடியது. தடை செய்யுங்கள் என்று நாற்பது ஐம்பது பேர் போலீஸுக்குப் போனார்கள்; அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

மேன் ரே படத்தில் வந்த மாளிகையின் சொந்தக்காரரான அந்த விகோந்த், புனுவலின் அடுத்த படத்துக்குப் பணம் நீட்டினார். இசை ஸ்ட்ராவின்ஸ்கி என்றார். சதா மண்டியிட்டு மார்பில் அடித்துக்கொள்கிற பக்தரோடு எனக்கு ஒத்துவராது என்றார் கையில் காசில்லாத இயக்குநர். விகோந்தும் சரி என்றார்! அப்படி வந்த ‘பொற்காலம்’ 1930 டிசம்பரில் ஓடிக்கொண்டிருந்தபோது வலதுசாரிகள் திரையில் மையை வீசி, வெளியே மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தார்கள். படம் தடை. பாவம் விகோந்த், ஜாக்கி கிளப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். கல் தேவைப்பட்ட அன்று புனுவல் ஊரிலேயே இல்லை. எம்.ஜி.எம். ஸ்டூடியோ கூப்பிட்டு ஹாலிவுட்டில் இருந்தார்: ஆறு மாதம், வாரம் 250 டாலர், வேலை கற்றுக்கொள்வது. முதலில் எட்டிப் பார்த்த செட்டில் நடிகை க்ரேட்டா கார்போ முறைத்து, ஆளை விட்டு வெளியேற்றினார். அதற்குப் பிறகு அவர் ஸ்டூடியோவுக்குப் போனது சனிக்கிழமைகளில் மட்டும், சம்பளம் வாங்க.

1960இல் ‘நாய்’ படத்துக்கு ஒலி சேர்த்தபோது அன்று கிராமபோனில் போட்ட அதே வாக்னரையும் டாங்கோவையும் வைக்கச் சொன்னார். இப்போது இணையத்தில் கிடைப்பது அந்தப் பிரதிதான். பதினாறு நிமிஷம்தானே, பாருங்கள். சாப்பிட்ட கையோடு மட்டும் வேண்டாம்.