ஆஷ்ட்ரே மூடி: கழற்றி வைப்பதற்கென்றே வாங்கப்படும் ஒரு பொருள் குறித்த ஆய்வு

பழைய பேஸ் கிட்டாரின் மரம், வார்னிஷ், கம்பி, கெபாசிட்டர் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் அதன் பிரியர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் கவிழ்ந்திருக்கும் குரோமியம் பூசிய மூடியை மட்டும் அறிஞர் உலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. அந்த அநீதியைத் துடைக்க முனையும் இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றுதான்: பழைய பாணி பேஸை நேசிப்பவர் இந்த மூடியை வாங்குவது கழற்றி வைப்பதற்காக, வரலாற்றுக்கு உண்மையாக நடந்துகொள்ள அவருக்கு அதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

முதலில் மூடி எப்படி வந்தது என்று பார்ப்போம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1951-ன் கடைசியில் அவர் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று என்று இரண்டு மூடிகள் போட்டார். கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் கட்டையையும் பொருத்தினார். விரல்களை அந்தக் கட்டையில் பற்றிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அப்படி வாசித்தால் மூடிகள் கைக்குக் குறுக்கே வரா. வாசித்தவர்களோ பெரும்பாலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டு மீட்டினார்கள், சிலர் உள்ளங்கையைப் பிரிட்ஜில் வைத்து ஒலியை அடக்கினார்கள். 1974-ல் ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கட்டையைக் கட்டைவிரல் பக்கத்துக்கு இடம் மாற்றி, நடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்குள் மூடிகள் எப்போதோ கழன்றுவிட்டிருந்தன. கழற்றிய மூடியைத் திருப்பிப் போட்டால் சிகரெட் சாம்பல் தட்டத் தோதாக இருந்தது. ஆஷ்ட்ரே என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இனி தருக்கத்துக்கு வருவோம். பழைய இசைக்கருவியைப் போற்றுபவர் போற்றுவது, அது தொழிற்சாலையைவிட்டு வந்த நாளையா, வாசிக்கப்பட்ட நாட்களையா? தொழிற்சாலை நாள்தான் என்றால் கீறலும் பூச்சு உதிர்ந்த மரமும் அவருக்குக் குறையாகப் பட வேண்டும். 1995-ல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பே புதுக் கருவிகளைத் தேய்த்துக் கீறிப் பழசாக்கி விற்கத் தொடங்கியது. அவற்றுக்கு விலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே அவர் போற்றுவது வாசிக்கப்பட்ட நாட்களைத்தான். அந்த நாட்களில் பெரும்பாலான பேஸ்களில் மூடி இல்லை. மூடியே வராத பேஸிலும் மூடி இல்லைதான். ஆனால் அதில் கழற்றிய வரலாறும் இல்லை. எனவே மூடி ஒன்றை வாங்கி, மரத்தில் இரண்டு துளை போட்டு, திருகி மாட்டி, மறுபடி கழற்றியாக வேண்டும். மூடி மட்டும் தனியாக விற்கப்படுவதும், அதிலும் செயற்கையாக மங்கலாக்கிய ரகம் கிடைப்பதும் இந்த முடிவுக்கு வலு சேர்க்கின்றன.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது பஞ்சு. பிரிட்ஜ் மூடிக்குள் ஒட்டியிருந்த பஞ்சுத் துண்டு கம்பிகளை லேசாக அழுத்தி, ஒலி நீளாமல் ‘தும்’ என்று நிற்கச் செய்தது. 1960-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இதற்காகக் கம்பிக்கு ஒன்றாக, ஸ்பிரிங் வைத்த நான்கு கம்பளித் துண்டுகள்கூட இருந்தன. சில ஆண்டுகளில் அவையும் போய்ப் பஞ்சே வந்தது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் வாசித்தபோது மூடியைக் கழற்றவில்லை, அடியில் பஞ்சும் இருந்தது. அவர் மாட்டியிருந்தது தட்டைச்சுற்றுக் கம்பிகள்; அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். மீட்டியது ஆள்காட்டி விரல் ஒன்றால். அறுபதுகளின் அமெரிக்க வானொலியில் பாதி அந்த ஒற்றை விரலில்தான் ஓடியது என்றால் மிகை கொஞ்சம்தான். ஜேமர்சனே மூடியோடு வாசித்திருக்க, மூடி வேண்டாத பொருள் ஆகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒலியை அடக்கியது பஞ்சு, தகடு அல்ல. பஞ்சை வெட்டிக் கம்பிக்கடியில் செருகினால் அதே வேலை நடக்கும், இன்றைய ரசிகர்கள் செய்வதும் அதைத்தான். மூடியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கும் பஞ்சைச் செருகிக்கொள்கிறார்கள். தவிர, ஜேமர்சன் பழைய பேஸை நேசித்தவர் அல்லர். அவர் கைக்கு வந்தபோது அது புதுச் சரக்கு.

மூடி மின்இரைச்சலைத் தடுக்கிறது என்று இன்னொரு கட்சி சொல்லும். 1957-ல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, ஒன்றின் இரைச்சலை மற்றது ரத்து செய்யும்படி சுற்றிய பிறகு அந்த வாதத்தில் பெரிதாகச் சத்து இல்லை. பார்க்க அழகு என்பாருக்கு மறுப்பே கிடையாது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவும் அழகுதான்.

பழைய பேஸ் பிரியர்களுக்கு மூடி என்றாலே மோகமோ என்று ஐயுறுவோருக்காக ஓர் ஒப்பீடு. 1960-ல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த ஆம்பெக் பி-15 என்ற பேஸ் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்), ஸ்பீக்கர் பெட்டியின் மூடிமேல்தான் வால்வுகள் நிற்கும். மூடியைத் திருப்பி மூடினால் வால்வுகள் தலைகீழாகப் பெட்டிக்குள் போய்விடும், தூக்கிச் செல்லலாம். வாசிக்கும்போது மறுபடி திருப்பித் தாழிடலாம். 15 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 25 வாட். இன்றைய மேடையில் டிரம்ஸ்காரர் கொஞ்சம் முறைத்தாலே அடங்கிவிடும் சக்தி அது. இதையும் அவர்கள் உயிராய் நேசிக்கிறார்கள். ஆனால் இந்த மூடியை யாரும் கழற்றித் தனியே வைப்பதில்லை, ஏனெனில் இதற்கு வேலை இருக்கிறது. வேலை உள்ள மூடி பொருத்திய இடத்திலேயே இருக்கிறது, வேலை இல்லாதது பட்டுத்துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. ஆய்வாளனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வாய்க்காது.

கழற்றும் கணத்தில் மட்டும் ஓர் அறிவியல் பயன் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். இளநீலக் கருவி நாளடைவில் பச்சை காட்டும். பல ஆண்டு மூடியிருந்த பேஸின் தகட்டைத் தூக்கினால், அடியில் கையகல இடம் மட்டும் நிறம் அதிகம் மாறாமல் இருக்கும். நடுவே மக்கிப்போன பஞ்சு பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு, தொட்டால் பொடியாக உதிரும். பின்னாளில் வேறு சாயம் பூசினார்களா என்று அந்த இடத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் இதற்காக மூடியை இத்தனை ஆண்டுகள் கழற்றாமல் வைத்திருந்தவர், நம் கோட்பாட்டின்படி, கருவியைச் சரியாக வாசிக்காதவர்.

எஞ்சியிருப்பது திருகுகளின் பிரச்சினை. மூடியைக் கழற்றியபின் துளைகளைத் திறந்தே விட வேண்டும், அப்போதுதான் அது வாசித்த பேஸ் என்று தெரியும் என்பது ஒரு கட்சி. திருகுகளை மூடியில்லாமலேயே துளைகளில் திருப்பிப் பொருத்த வேண்டும் என்பது மற்றது. இக்கட்டுரை இரண்டாவதன் பக்கம். பெட்டிக்குள் போட்ட திருகு தொலையும். அதற்கு மாற்றுத் திருகு வாங்கினால் அது எந்த ஆண்டுத் திருகு என்று அடுத்து வாங்க வருபவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்.