கஞ்சிக்கு அப்புறம் பிரசங்கம்

கேள்வி: தொண்டு செய்யும் கிறிஸ்தவர்கள் கூடவே சுவிசேஷமும் சொல்லத்தான் வேண்டுமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: உங்கள் பக்கத்து ஊர் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமனைக் கேட்டிருக்கலாம். மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பைபிள் பாடமும் உண்டு. 1896-இல் அண்ணன் தன் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு பையன் கிளம்பினான். போய்ச் சேர்ந்த இடம் திருவண்ணாமலை. ரமண மகரிஷி ஆனார். ஆக, பாடம் நடத்தினால் பையன் மாறிவிடுவான் என்று பாதிரியாரும் நம்ப வேண்டாம், மற்றவர்களும் பயப்பட வேண்டாம்.

மதத்தைப் பரப்ப அரசியல் சாசனமே 25-ஆம் பிரிவில் இடம் தருகிறது. தகராறு வகுப்பறையில் இல்லை, கஞ்சித் தொட்டியில். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். பசியா, விசுவாசமா? பசித்தவன் எதற்கும் தலையாட்டுவான். உங்கள் கரிசல் காட்டில் சித்திரையில் அடைமழை என்றாலும் 'ஆமாஞ்சாமி' என்பான். முதலில் ஊற்றுங்கள். குடித்து முடித்து, 'எங்களுக்கு ஏன் செய்கிறீர்கள்?' என்று அவனே கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காமல் எழுந்து போனால், மறுவேளைக் கஞ்சியில் தண்ணீர் கூடக் கூடாது!