ஆசாரி வேலையா? வேண்டாம்டா பேராண்டி!

டேய் பேராண்டி, ஐடிஐயில தச்சு வேலையோ கொத்து வேலையோ படிக்கலாமான்னு கேட்டியாம். உங்கம்மா அப்பத்தாகிட்ட சொல்லி மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கா. நானும் அதான் சொல்றேன், வேண்டாம்டா. படிச்சேன்னு வையி, நிம்மதி போயிடும். விடிஞ்சும் விடியாம எவனாவது வாசல்ல வந்து நின்னு, "தம்பி, நிலை வெக்கணும், எப்ப வர்றீங்க?"ன்னு கெஞ்சுவான். சிறுவாச்சூர் மதுரகாளிகூட திங்களும் வெள்ளியும் நடை திறந்து தரிசனம் குடுத்துடுறா. நல்ல ஆசாரி தரிசனத்துக்கு அந்த உறுதிகூடக் கிடையாது. அவ்வளவு மவுசு நம்ம குடும்பத்துக்குத் தாங்குமா? பேசாம பி.இ. படி. பெரம்பலூர்ப் பக்கம் காலேஜுக்கா பஞ்சம்? முடிச்சுட்டு வந்து என்கூடத் திண்ணையில உக்காரு, எனக்கும் ஒரு பேச்சுத் துணை ஆச்சு.

நம்ம கூத்தை வெளியூர்க்காரன் கேட்டா சிரிப்பான். அரியலூர்ச் சீமை ஒரு காலத்துல கடலா கிடந்த பூமியாம். அந்தக் கடல்ல செத்த நத்தையும் கிளிஞ்சலும் சேந்து சேந்துதான் இன்னிக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லு. 1979லயே சர்க்கார் இங்க சிமெண்ட் ஆலை வச்சாச்சு. தனியாருங்களும் வரிசையா வந்தாங்க. லாரிப் புழுதியைத் தின்னே ஒரு தலைமுறை வளந்துது. இப்ப என்னடான்னா, சிமெண்ட் நம்மூர்ல ஏறுது, கொத்தனாரு பீகார்லேருந்து ரயிலேறி வந்து இறங்குறாரு. புழுதி நமக்கு, கூலி அவருக்கு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, வேலை தெரிஞ்சவரு வர்றாரு.

மரத்துக்கு மட்டும் என்ன குறை? அரும்பாவூர், தழுதாழைப் பக்கம் போயிப் பாரு. வாகை, மா, வேம்புன்னு ஒரே மரத்துண்டுல, ஒட்டுப் போடாம சாமியைக் கொண்டாந்துடுறாங்க. அந்தச் சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. நீ அந்த வழியா பஸ்ல போயிருப்ப, இயர்போனை மாட்டிக்கிட்டுத் தூங்கியிருப்ப.

என் காலத்துல ஆசாரி வீட்டுப் புள்ளைக்குத்தான் உளி. நான் பட்டறை வாசல்ல நின்னு எட்டிப் பாத்தா, "மரத்தூள் கண்ணுல விழும், போடா"ம்பாரு. என் கண்ணு மேல அம்புட்டு அக்கறைன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பவும் ஐடிஐயில சாதிச் சான்றிதழ் கேப்பாங்க, ஆனா வெளிய தள்ளறதுக்கு இல்ல. எட்டாவது தேறியிருந்தா மர வேலைப் பிரிவுக்குப் போதும், ஒரு வருசப் படிப்பு. அரசு ஐடிஐன்னா படிப்புக் கட்டணம் இல்ல, மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிளு, பஸ் பாஸு வேற. எல்லா ஐடிஐயிலும் எல்லாப் பிரிவும் இருக்காது, விசாரிச்சுக்கிட்டுப் போ.

போறதுன்னா ஒண்ணு கேட்டுக்க. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டுறதுக்குப் போகாத, அதுக்கு ஆணி அடிக்கவே நாம ஆள் கூப்பிடணும். மூணடி, நாலடி, அஞ்சடி நூல் புடிச்சு மூலைமட்டம் பாக்குற கொத்தனாருக்குப் பித்தாகரஸ் யாருன்னு தெரியாது. பித்தாகரஸ் தெரிஞ்ச உனக்கு நூலோட எந்த முனையைப் புடிக்கணும்னு தெரியாது. வகுப்புல வரைபடமும் எஸ்டிமேட்டும் சொல்லித் தருவாங்க, அது சைட்டுல கிடைக்காத சரக்கு, விட்டுடாத. கை பழகறதுக்கு லீவு நாள்ல ஒரு கொத்தனார்கிட்டப் போயி நில்லு. தண்ணி ஊத்துன சிமெண்ட் அரை மணி நேரம்போலப் பொறுக்கும், அப்புறம் இறுக ஆரம்பிச்சுடும். நீ செல்ஃபி எடுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்காது. திட்டு விழும், வாங்கிக்க.

பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு உங்கம்மா பயப்படுறா. குடுக்கறவனும் வீடு கட்டணும்ல? பாதியில நிக்கிற வீட்டைப் பாத்தான்னா அவனே ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு வருவான்.

உனக்கு வெக்கமா இருந்தா சொல்லிடு, விண்ணப்பத்தை உன் தங்கச்சி பேருல போட்டுடுறேன். நம்மூர்ப் பொம்பளைங்க சித்தாளா சட்டி சுமந்து சுமந்து தலை தேய்ஞ்சதுதான் மிச்சம், கரண்டியை மட்டும் எவனும் கையில குடுத்ததில்ல. நேத்து அவகிட்ட ரசமட்டத்தைக் காட்டி, குமிழி எங்க நிக்கணும்னு கேட்டேன். ரெண்டு கோட்டுக்கு நடுவுலன்னு பட்டுன்னு சொன்னா. உன்னைக் கேட்டதுக்கு, அது எந்த ஆப்புல வருதுன்னு கேட்ட.