நாணலுக்கு வாழ்க்கைப்பட்ட கரும்பு

கேள்வி: தேர்வுமுறை இனப்பெருக்கம், மரபணு மாற்றம் இரண்டையும் பற்றி ப்ராஜெக்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் தோழி. அப்படியா?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: இல்லை, மகளே. முதலாவது உறவுக்குள் பார்த்து முடிக்கிற கல்யாணம். அதற்குச் சாட்சி உன் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தொடங்கியது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பை, இனிப்பே இல்லாத காட்டு நாணலோடு சேர்த்தார்கள். சாறு ஒரு பக்கம், வறட்சியைத் தாங்கும் வைராக்கியம் மறுபக்கம்! கரும்புப் பூவின் விதை தூசி மாதிரி இருக்கும். அதைத் தூவி, முளைத்த ஒவ்வொன்றையும் வளர்த்து, சாறு பிழிந்து சோதித்து, பெரும்பாலானதைக் கழித்துக் கட்ட வேண்டும். ‘தேர்வு’ என்பது அந்தப் பாடுதான். அப்படித் தேறிய கோ 205 என்ற ரகம், 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

மரபணு மாற்றத்தில் உறவே தேவையில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் பருத்திக்குள் வைத்தார்கள். தின்ற காய்ப்புழு செத்தது. அந்த பி.டி. பருத்தியை இந்தியா 2002-ல் அனுமதித்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. இதையும் மறக்காமல் எழுது.

அதே முறையில் உருவான பி.டி. கத்தரிக்கு 2010-ல் நம் அரசு தடை போட்டது. 2013-ல் வங்கதேசம் அனுமதித்தது. ஒரே காய்க்கு ஏன் இரண்டு தீர்ப்பு? இரு தரப்பு வாதத்தையும் படித்து, உன் முடிவைத் துணிந்து எழுது.