பயத்துக்கு ஒரு வேலை

மைசூரில் குடியிருப்பவன் கோயம்புத்தூரில் பெண் எடுக்கக் கூடாது. நடுவில் திம்பம் மலைப்பாதை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் ஊரார் முகூர்த்த நேரம் பார்ப்பார்கள். நான் மண்டபம் எந்த ஊர் என்று பார்ப்பேன். கோவை என்றால் அன்றிலிருந்தே வயிறு கலங்கத் தொடங்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவே படுக்கையில் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்துவிடுவேன், பிரேக் பிடிக்காமல்.

தசராவின்போது ஆயுத பூஜைக்கு மைசூரே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும். நான் ஒவ்வொரு வெளியூர்ப் பயணத்துக்கும் வைக்கிறேன். எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம் செய்தே வெகுநாளாகிறது.

ஆனால் ஒரு விநோதம். திம்பத்தைவிட பெங்களூரு விரைவுச்சாலைதான் என்னை அதிகம் நடுங்க வைக்கிறது. 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக், ஆட்டோ, டிராக்டரையெல்லாம் பிரதான பாதையிலிருந்து விலக்கினார்கள். யாரும் குறுக்கே வராத ரோட்டில் என் மனசு குறுக்கே வருகிறது. டயர் வெடித்தால்? முன்னால் போகும் லாரிக்காரர் கண்ணயர்ந்திருந்தால்? கேஸை மூடினோமா? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு இதையெல்லாம் யோசிக்க ஏகப்பட்ட நேரம்.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் படபடப்பு குறையும் என்றார் டாக்டர். குறையத்தான் செய்கிறது. ஆனால் நஞ்சன்கூடு தாண்டும்போது நான் அப்படி நீளமாக மூச்சு விட்டதும், "எங்க ஊட்டுக்குப் போறதுன்னா மட்டும் பெருமூச்சு வருதுங்களா?" என்றாள் மனைவி. அதன்பிறகு சத்தமில்லாமல் பயப்படப் பழகிக்கொண்டேன்.

சாமராஜநகர் தாண்டி, புளிஞ்சூர் தாண்டி, ஆசனூர்க் காட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறும். கரும்பு லாரியை மறித்து யானைகள் வசூல் செய்யும் காரப்பள்ளம் இந்த வழியில்தான். டிக்கியில் கரும்பு இல்லை என்பதை யானைக்கு எப்படித் தெரிவிப்பது என்ற கவலை திம்பம் வரை கூடவே வரும். அங்கே பயத்துக்கு வேலை கிடைத்துவிடுகிறது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்று விட வேண்டும். வளைவுக்கு முன் ஹாரன். கீழிருந்து லாரி வந்தால் மரியாதையாக ஓரங்கட்டல். ரோடு முழுவதையும் வளைத்துக்கொண்டுதான் அது திரும்பும். இத்தனைக்கும் நடுவே கேஸ் ஞாபகம் வர வழியே இல்லை. கைகாட்டிப் பலகையில் எண் 27-லிருந்து குறைந்துகொண்டே வருவது வேறு ஆறுதல். மலையிலேயே எனக்குப் பிடித்த எழுத்து அதுதான்.

பிரேக் விஷயத்தில் நான் தனியாள் இல்லை. பக்கத்து சீட்டில் மனைவியும் போடுகிறாள். காரிலேயே அதிகம் தேய்ந்த பாகம் அவள் காலடி மேட். பின்சீட்டில் மாமியார் கந்த சஷ்டி கவசம். திம்பத்தில் தொடங்கினால் அடிவாரத்துப் பண்ணாரியில் முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் இறங்குகிற வேகத்துக்கு இரண்டாம் சுற்றும் போய்விடும். எந்த முருகனுக்கும் அன்று குறை இருக்காது.

திரும்பும்போது ஏற்றம். மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்கின்றன 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள். எதிரே இறங்கும் லாரிக்காரருக்கு அதைப் படித்துக்காட்டத்தான் அவகாசம் கிடைப்பதில்லை.

காட்டு விலங்குகள் அடிபடக் கூடாதென்று 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இந்தச் சாலையில் இரவுத் தடை வந்தது. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. யானைகளுக்கு அடுத்தபடியாக அதில் மகிழ்ந்தவன் நான். இருட்டில் ஓட்டச் சொல்லி இனி எந்த உறவினரும் வற்புறுத்த முடியாது. சென்ற கல்யாணத்திலும் பந்தியிலிருந்து எழுந்த கையோடு, "செக்போஸ்ட்ட மூடிருவாங்க மாமா" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

"அதுக்கென்னங் மாப்ள, இருந்துட்டு வெடியால போலாமுங்க" என்றார் மாமனார். எனக்கு முன்னால் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுக் கட்டிலில் படுத்து விடிய விடிய ஓட்டினேன். இந்த முறை ஏற்றம்.