மாடிப்படிக்கடியில் ஒரு காதல்

‘பென்-ஹர்’ படத்தில் குதிரைகளை விரட்டி விரட்டி 11 ஆஸ்கர் அள்ளிய வில்லியம் வைலருக்கு, 1966-இல் என்ன தோன்றியதோ, ‘ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்’ எடுத்தார். இந்தத் தடவை தேர் கிடையாது, ரோமாபுரி கிடையாது. துடைப்பமும் வாளியும் வைக்கிற பொந்தில் இரண்டு பேரை அடைத்துக் கதவைச் சாத்திவிட்டார். எனக்கென்னவோ அந்தப் பொந்துதான் ஒசத்தி.

பாரிஸில் பானே என்றொரு கனவான். வான்கோ மாதிரியே வரைந்து வான்கோ என்றே விற்பார். பரம்பரைத் தொழில். அவருடைய அப்பா, பெண்டாட்டியை நிற்கவைத்து ஒரு வீனஸ் செதுக்கி, பழைய சிற்பி செல்லினி தலையில் கட்டியவர். பானே பெருமை தாங்காமல் அதை அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்து, நீட்டிய இன்ஷூரன்ஸ் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார். அதன்படி நிபுணர் வந்து சிலையைச் சோதிப்பாராம். பாட்டி மானம் கப்பலேறுமுன் அவளைத் திருடிவிட வேண்டியதுதான் என்று பேத்தி நிக்கோல் கிளம்புகிறாள்.

திருடனுக்குப் பஞ்சமில்லை. ஏற்கெனவே வீடு புகுந்த ஒருவனை அவளே தவறிப்போய்ச் சுட்டு, அயோடின் தடவி, அவனுடைய ஜாகுவாரிலேயே ரிட்ஸ் ஓட்டலில் இறக்கிவிட்டிருக்கிறாள். ரிட்ஸில் ரூம் போட்டவன் எதற்குச் சுவரேறிக் குதிக்கிறான் என்று இந்தப் பெண் கேட்க வேண்டாமோ? கேட்கமாட்டாள். அவனாக வரும் பீட்டர் ஓ'டூலின் நீலக் கண்ணைப் பார்த்தபின் யார்தான் கேட்பார்கள்? யார் கண்ணிலும் படக்கூடாதென்று அதே ரிட்ஸ் பாருக்குக் கறுப்பு லேஸ் முகமூடி மாட்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம் விவேகத்தை எதிர்பார்ப்பதும் பாவம். நிக்கோலாக வரும் ஆட்ரி ஹெப்பர்னுக்குத் துணி தைத்தவர் ஷிவான்ஷி; கதைக்கு வேண்டியதைக் காட்டிலும் அவர்தான் அதிகம் உழைத்திருக்கிறார்.

களவு தொடங்குவதற்குள் நமக்கு இரண்டு காப்பி ஆகிவிடும். சிலை மேலுள்ள மோகத்தில் நிக்கோலுக்கு மோதிரம் மாட்டும் அமெரிக்கக் கோடீஸ்வரராக வருகிறார் ஈலை வாலக். அதே வருஷம் ‘குட் பேட் அக்லி’யில் வெளுத்து வாங்கியவரை இங்கே அசட்டுச் சிரிப்போடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பொந்து! இருவரும் உள்ளே ஒளிந்திருக்க, காவலாளி வெளியே பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறான். ஓ'டூல் உள்ளிருந்தபடியே சுவரில் காந்தத்தை நகர்த்த, அந்தப் பக்கம் சாவி பல்லிபோல ஊர்ந்து பூட்டுத் துவாரத்துக்கு வருகிறது. விஞ்ஞானம் ஒப்புமா என்று கேட்காதீர்கள். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். திரும்பக்கூட இடமில்லாமல் இருவரும் கிசுகிசுப்பதற்குத்தான் சிலை, செல்லினி எல்லாமே சாக்கு.

அப்புறம் பூமராங். வீசியதும் சிலையைக் காக்கும் கதிர் அறுந்து அலாரம் அலறுகிறது. போலீஸ் ஓடிவந்து, ஒன்றுமில்லை என்று போகிறது. மறுபடி வீச்சு, மறுபடி அலறல். பெரிய இடத்துத் தூக்கம் கெட்டு வசவு விழ, காவலாளிகள் அலாரத்தையே அணைத்துவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். பாரிஸின் பொக்கிஷத்துக்கு அவ்வளவுதான் காவல். வீனஸ் நின்ற பீடத்தில், காவலாளி ஒளித்துவைத்த மது பாட்டில் நிற்கிறது.

யாருக்காவது தண்டனை உண்டா? உஹூம். மகள் மாப்பிள்ளையோடு காரில் கிளம்புகிறாள். வாசலில் பானே அடுத்த இளிச்சவாயரை வாயெல்லாம் பல்லாக வரவேற்றுக்கொண்டிருக்கிறார்.